செவ்வந்தி மார்க் உத்தியோகம்

"அண்ணன் தம்பி எத்தினி பேரு?" என்றுதான் இராமதாஸ் முதலில் கேட்பார். வேலை கேட்டு வந்தவன் கொண்டுவந்த சான்றிதழை அவர் வாங்கிப் பார்ப்பதில்லை. அது மடித்தபடியே அவன் கை வியர்வையில் ஊறிக்கொண்டிருக்கும். அடுத்தது அக்கா தங்கைகள், அவர்களைக் கட்டிக்கொடுத்த ஊர்கள், பெண்டாட்டி வழியில் எத்தனை வீடு, ஊரில் ஒரு கல்யாணம் என்றால் எத்தனை பந்தி உட்காரும் என்பதெல்லாம். வந்தவன் குடும்ப கௌரவத்தை விசாரிக்கிறார் என்று எண்ணி நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வான். உறவு பெருகப் பெருக இராமதாஸின் முகம் மலரும். "தெரே பியேன்" என்பார், ரொம்ப நல்லது என்பதைப் பிரெஞ்சில். தாய் தகப்பன் இல்லை, தனிக்கட்டை என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும். "இப்ப எடம் காலியில்ல தம்பி, காயிதம் போடுறோம்" என்று பேனாவை மூடிவிடுவார்.

புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த அறைதான் கம்பெனி. ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலி அவருக்கு. மற்றவர்கள் நிற்க வேண்டும். நின்றுகொண்டே கேட்பவன் சீக்கிரம் தலையாட்டுவான் என்பது அவருடைய அனுபவம். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சீமைச் செண்டு விற்ற கடை ஒன்றில் புட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகள் போனதும், திருட்டுத்தனமாய்ச் சரக்குக் கடத்த வந்த கூட்டமும் போயிற்று. முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். இராமதாஸுக்கு மிஞ்சியவை முதலாளி விட்டுப்போன கோட்டும், நாலைந்து பிரெஞ்சுச் சொற்களும்தான். அந்த மூலதனத்தில் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதற்குத் தன்னையே 'திரெக்தேர்', அதாவது டைரக்டர், ஆக்கிக்கொண்டார். மேனேஜர் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

விளம்பரத்தை அவரே எழுதுவார். ஆலை வாசலிலும் பஸ் நிலையத்திலும் பெரிய மார்க்கெட் சுவரிலும் ஒட்டுவதற்கு மஞ்சள் தாளில் அச்சடிப்பார். 'உத்தியோகம்! உத்தியோகம்! படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் அனைவரும் நேரில் வரவும். அனுபவம் தேவையில்லை. கௌரவமான தொழில். திறமைக்கேற்ற வருமானம்.' சம்பளம் என்ற சொல் அதில் எங்கும் இருக்காது. அச்சுக்கூடத்துக்காரர் ஒருமுறை தாமாகவே 'நல்ல சம்பளம்' என்று சேர்த்துவிட, மொத்தத் தாளையும் கிழித்துப் போடச் சொல்லி மறுபடி அடிக்க வைத்தார். நாளைக்கு எவனும் சட்டையைப் பிடிக்கக் கூடாது, பாருங்கள்.

சரக்கு என்று ஒன்று இருந்தது. செவ்வந்தி மார்க் பல்பொடி. தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு கொட்டகையில் சீமைச்சுண்ணாம்பும் கிராம்பும் இன்னும் என்னென்னவோ சேர்த்து இடித்து, இளஞ்சிவப்புத் தகர டப்பாக்களில் அடைத்தார்கள். உத்தியோகத்துக்குத் தேர்வானவன் பிணைத்தொகை கட்டி ஒரு பெட்டி டப்பா வாங்க வேண்டும். அதை விற்பது பற்றி இராமதாஸ் அதிகம் பேசமாட்டார். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, "இதான் நீ" என்பார். கீழே மூன்று வட்டம். "நீ கொண்டாந்து சேக்கிற ஆளுங்க. அவனவன் கட்டுற பணத்துல ஒனக்கு ஒரு பங்கு." அதற்கும் கீழே ஒன்பது. பலகை நிறைந்துவிடும். "நீ எதுக்கு வெயில்ல அலையணும்? கீழ இருக்கிறவன் அலைவான். நீ மேஸ்திரி கணக்கா ஒக்காந்திரு." அந்த முதல் வட்டத்துக்கு மேலே இருக்கும் ஆளை மட்டும் அவர் ஒருநாளும் வரைந்து காட்டியதில்லை.

தன்னை ஏமாற்றுக்காரர் என்று அவர் நினைத்ததே இல்லை. சர்க்கார் கொடுக்க முடியாத உத்தியோகத்தைத் தான் கொடுப்பதாகத் தேநீர்க்கடையில் சொல்லிக்கொள்வார். எவனாவது நொடித்துப்போனால் அவனுக்கு உழைப்புப் பற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் மனைவி கமலாவின் தம்பி, பத்தாவது முடித்த பையன், அத்தானுடைய கம்பெனியிலேயே சேர்கிறேன் என்று வந்து நின்றபோது, இராமதாஸ் அன்றைக்கே அவனை ஒரு மளிகைக்கடைக்கு அழைத்துப்போய்ப் பொட்டலம் கட்டச் சேர்த்துவிட்டார். கமலா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

இப்போது அவர் கடலூரில் இருக்கிறார். அங்கேயும் ஒரு மாடி, அதே கோட்டு, பல்பொடிக்குப் பதில் கூந்தல் தைலம் என்று கேள்வி. புதுச்சேரி அறையை விட்டு அவர் கிளம்ப நேர்ந்தது கலியபெருமாளின் உறவுக்காரர்களால்.

கலியபெருமாள் முதலியார்பேட்டைக்காரன். ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது வேலை போனவன். மாடிக்கு வந்த முதல் நாள், தனக்குப் பங்காளி வீடு எட்டு, பெண்டாட்டி வழியில் அதற்கு மேலே என்று அவன் சொல்லச் சொல்ல இராமதாஸ் எழுந்து நின்றுவிட்டார். அவன் தோளில் கை போட்ட முதல் கோட்டுக்காரர் அவர்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே இருபது வருஷம் மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவனுக்கு, தனக்குக் கீழேயும் ஆள் உண்டு என்பது கள்ளைவிட அதிகமாய் ஏறியது. மச்சான்களைச் சேர்த்தான். சித்தப்பா மகனைச் சேர்த்தான். அரியாங்குப்பத்தில் இருந்த கொழுந்தியாள் அஞ்சலாட்சியைச் சேர்த்தான். அவள் கறவை மாட்டை விற்றுப் பிணைத்தொகை கட்டினாள். மாடு நின்ற கொட்டகையில் டப்பாக்கள் அடுக்கப்பட்டன.

அஞ்சலாட்சி மற்றவர்களைப்போல ஆள் பிடிக்கப் போகவில்லை. உத்தியோகம் என்றால் சரக்கை விற்பது என்று நம்பி, வீடு வீடாய்ப் போய் விற்றாள். அதுதான் இராமதாஸுக்கு வந்த வினை. வாங்கியவர்கள் பல் விளக்கினார்கள். ஈறு வெந்து வாயெல்லாம் புண்ணாயிற்று. பிள்ளைகள் சோறு தின்ன முடியாமல் அழுதன. டப்பாக்கள் அவள் வாசலில் வந்து விழுந்தன. கூடவே வசவும். தண்ணீர் எடுக்கப் போனால் பக்கத்தில் நிற்பவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கலியபெருமாளை முன்னால் நடக்கவிட்டு, டப்பா மூட்டையோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த மாடிப்படி ஏறினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க வந்தவர்கள்தான். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் ஆண்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். இராமதாஸ் அதைப் பார்த்தார். பயந்து போயிருந்தவருக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. கம்பெனி பெரிதாகப் போகிறதென்றும், விழுப்புரத்தில் கிளை திறக்கப் போவதாகவும், ஆளுக்கு இரண்டு பேரை அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டால் கட்டிய பணம் தானாக வந்துவிடும் என்றும் எடுத்துச் சொன்னார். எடுத்த எடுப்பிலேயே கைவிடுகிறவன் முன்னுக்கு வந்ததில்லை என்று கொஞ்சம் கண்டித்தும் வைத்தார். மச்சான்களில் ஒருவன், விழுப்புரத்தில் தன் சகலை இருப்பதாக மெதுவாகச் சொன்னான். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னான்.

அஞ்சலாட்சி மூட்டையை அவிழ்த்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு தரமாச்சும் இதால பல்லு வெளக்கியிருக்கியா நீ?"

தினமும் இதில்தான் என்றார் இராமதாஸ்.

"அப்ப இப்ப வெளக்கு. நாங்க பாக்குறோம்."

காலையிலேயே ஆயிற்று என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. வாசலை மறித்துப் பெண்கள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். படியில் ஜவுளிக்கடை ஆட்களும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதில் தயங்கினால் கம்பெனி முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு விரலால் தாராளமாகவே பொடியைத் தொட்டு, மேல் பல், கீழ் பல், கடைவாய் வரை தேய்த்தார். தேய்த்துவிட்டு எல்லாருக்கும் பல்லைக் காட்டினார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாய் ஓரத்தில் இளஞ்சிவப்பாய் ஏதோ வழிந்தது, பொடியா ரத்தமா என்று தெரியவில்லை. "தெரே..." என்று ஆரம்பித்தவருக்கு மீதி வரவில்லை. துப்ப இடமில்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு, இடக்கையை யாரையும் பார்க்காமல் நீட்டினார்.

மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அந்தக் கையில் சொம்பைக் கொடுத்தவன் கலியபெருமாள். பெண்டாட்டி அவனை முறைத்தாள். இத்தனை நாள் அந்த மாடிக்கு வந்து அவன் கற்றது அதுதான் போலும்.

இராமதாஸ் ஜன்னலுக்குப் போய்க் கொப்பளித்தார். மறுபடி, மறுபடி. கீழே வீதியில் யாரோ மேலே பார்த்துக் கத்தினார்கள். கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு திரும்பியபோது குரல் கொஞ்சம் குழறியது. மற்றபடி அதே குரல். விழுப்புரத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பேசிக்கொண்டே சொம்பைக் கலியபெருமாள் இருந்த பக்கமாக நீட்டினார்.

கலியபெருமாள் அதைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.