மேடையில் அஞ்சம்மாள் சொன்ன சாட்சி

திண்டிவனத்தில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி, அவித்த வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கும் பெண்கள் பலர் உண்டு. அவர்களில் அஞ்சம்மாளின் குரல் தனி. "சூடா மல்லாட்டே..." என்று அவள் இழுத்தால் தூங்குகிற ஆள்கூடப் பைக்குள் கைவிடுவான். வாயும் லேசுப்பட்டதல்ல. பொட்டலம் சின்னதாக இருக்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால் போதும். "பெரிசா வேணும்னா கொல்லைக்கு வந்து நீயே புடுங்கிக்கோ சாமி" என்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். அப்பேர்ப்பட்ட வாய், 2006-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் அடைத்துப்போய் நின்றது.

ஓமந்தூர்ப் பக்கம் பிறந்தவள். புருஷன் மாரியப்பன் லாரி கிளீனர். மகள் கலைப்பிரியா பிறந்தது தொண்ணூற்று மூன்றில். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், விழுப்புரம் தாண்டி ரோட்டோரம் நிறுத்திய லாரியின் நிழலில் படுத்திருந்த மாரியப்பன்மேல் வேறொரு வண்டி ஏறிவிட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் மகளுக்கு வலிப்பு வந்தது. "நான் யாரு குடியக் கெடுத்தேன்? எனக்கு மட்டும் ஏன்?" என்று அவள் கேட்காத கோயில் இல்லை, கட்டாத தாயத்து இல்லை. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் தினம் தவறாமல் கொடுத்துவந்தாள்.

வலிப்பு வருமுன் கலைப்பிரியாவுக்கு மட்டும் ஒரு நாற்றம் அடிக்கும். "யம்மா, டயர் கருகற நாத்தம் வருது" என்பாள். அதற்குப் பிறகு அவளைப் பிடித்துக் கீழே படுக்க வைக்கத்தான் நேரம் இருக்கும். தெளிந்து கண் திறந்ததும் அவள் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "யாராச்சும் பாத்தாங்களா?" வகுப்பில் ஒருமுறை விழுந்தபோது பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடியதை அவள் மறக்கவில்லை. "யாரும் பாக்கலடி கண்ணு" என்று அஞ்சம்மாள் ஒவ்வொரு தடவையும் வாய் கூசாமல் பொய் சொல்வாள். நடுச்சந்தியில் விழுந்திருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தது பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த தகரக் கூரை ஜெபக்கூடத்துக்கு. போன முதல் நாளே மகள் விழுந்தாள். பாஸ்டர் தமிழ்மணியின் மனைவி செந்தாமரை மட்டும் விலகாமல், எச்சில் வழிந்த அந்தக் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அஞ்சம்மாளுக்கு அது போதும். அன்றைக்கே ஏசுவின் ஆளாகிவிட்டாள். பேரை மாற்றலாமே என்றார்கள். "ஏன், என் பேரு ஆண்டவர் வாயில நுழையாதா?" என்று மறுத்துவிட்டாள்.

பாஸ்டர் தமிழ்மணியைக் குறை சொல்ல முடியாது. தான் பேசுவதை முழுக்க நம்புகிற மனுஷர், தொல்லையே அதுதான். உலகத்துத் துன்பத்துக்கெல்லாம் அவரிடம் ஒரே விளக்கம் இருந்தது. எங்கேயோ பாவம் ஒளிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விசுவாசம் குறைந்திருக்க வேண்டும். "ஒரு கையில மாத்திரைய வெச்சிக்கினு இன்னொரு கையில ஆண்டவரப் புடிக்க முடியுமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி நர்ஸோ, ஒரு வேளைகூட மாத்திரையை விட்டுவிடாதே, விட்டால் பிள்ளை உனக்கில்லை என்று சொல்லியிருந்தாள்.

இரண்டுக்கும் நடுவில் அஞ்சம்மாள் தவித்தாள். ஒருவேளை தன் விசுவாசக் குறைதான் மகளைத் தள்ளிவிடுகிறதோ என்ற பயம் அவளை அரித்தது. மாத்திரையை நிறுத்தினாள். ஆனால் அட்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இடுப்புச் சுருக்குப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் வலிப்பு வரவில்லை. பாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஆண்டவர் மகளைக் குணமாக்கினார் என்று அஞ்சம்மாள் மேடையேறிச் சாட்சி சொல்வாள் என்று அறிவித்துவிட்டார்.

அன்றைக்குப் பந்தல் நிரம்பி வழிந்தது. பெஞ்சுகளை அடுக்கிப் பலகை பரப்பிய மேடை, ஆள் இடுப்பு உயரம் இருக்கும். ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. கீழே பந்தல் கயிறு கட்டிய இரும்பு முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பாஸ்டர் பேரைச் சொல்லி அழைத்தார். சனம் கைதட்டியது. அஞ்சம்மாள் மகளின் கையைப் பிடித்து மேலே ஏறினாள். மைக் பக்கம் வந்தபோது அந்தக் கை அவள் விரல்களை இறுக்கியது.

"யம்மா, டயர் கருகற நாத்தம் வருது."

ஐயோ! இறங்கி ஓடவா? சாட்சி சொல்ல வந்தவள் ஓடிவிட்டாள் என்று சொல்வார்கள், ஆண்டவர் பேருக்கே இழுக்கு. நின்றால் முளைமேல் போய் விழுவாள் பிள்ளை. மாத்திரையை நிறுத்திய கை தன்னுடையது.

"அல்லேலூயா! சொல்லுங்க சிஸ்டர், ஆண்டவர் இன்னா செஞ்சாரு?" என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மகளின் கை வெட்டி இழுத்தது. அஞ்சம்மாள் மைக்கைத் தள்ளிவிட்டு அவளை வாரி அணைத்துப் பலகைமேல் சாய்ந்தாள். மகளின் தலை மேடை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. காலால் பலகையை உந்தி உள்ளே இழுத்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

பந்தல் கலகலத்துப் போனது. நாற்காலிகள் சரிந்தன. பாதிப் பேர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள். "பாவத்த அறிக்கை பண்ணும்மா!" என்று ஒருத்தி கத்தினாள். பாஸ்டர் கலைப்பிரியாவின் தலையை அழுத்திப் பிடித்துப் பிசாசை அதட்டினார். இரும்பு, மந்திரம் எல்லாம் மூடநம்பிக்கை என்று வாராவாரம் முழங்குகிற சபைப் பெரியவர் தேவநாதன், தன் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார்.

"கைய எடுங்கய்யா! புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

அஞ்சம்மாளின் பஸ் நிலையக் குரல் திரும்பி வந்துவிட்டது. கீழே கிடந்த மைக் அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோனது.

"பாவம் பாவம்னு கத்தறீங்களே, சிலுவையில தொங்கினாரே, அவரு இன்னா பாவம் பண்ணாரு? ஏன் என்ன வுட்டுட்டீருன்னு அவரும்தான் அப்பங்கிட்ட கதறினாரு. அவருக்கும் விசுவாசம் பத்தலன்னு சொல்லுவீங்களா?" மகள் துடிப்பதைப் பிடித்துக்கொண்டே பேசினாள். மூக்கும் கண்ணும் ஒழுகின. "இது ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது ஐயா. தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. அவரும் பட்டிருக்காரு. அதனாலதான் அவருகிட்ட அழுதுக்கினு கெடக்கறேன். எஞ்சாட்சி அவ்ளோதான்."

பாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். செந்தாமரை மேடையேறி வந்து கலைப்பிரியாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்து வாசலில் நின்ற ஒரு பெண் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இன்னொருத்தி. கத்தியவளும் வந்தாள். வாசல்வரை போனவர்கள் ஒவ்வொருவராக எல்லாருமே திரும்பிவிட்டார்கள். யாரும் பாடவில்லை. பலகையில் குதிகால் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் மெல்ல ஓய்ந்தது.

அஞ்சம்மாள் எல்லார் கண் முன்னாலும் சுருக்குப்பையை அவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "தெளிஞ்சதும் கொடுக்கணும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் போவணும். தண்ணி வேணும்" என்றாள். பாஸ்டர் தமிழ்மணியே இறங்கிப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் மண்டியிட்டார்.

கலைப்பிரியா கண் திறந்தாள். குழல்விளக்கு, துணிப்பந்தல், அம்மாவின் முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"யம்மா... யாராச்சும் பாத்தாங்களா?"

அஞ்சம்மாளுக்குப் பழைய பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் பாத்தாங்கடி கண்ணு" என்றாள். "ஒருத்தரும் உன்ன வுட்டுட்டுப் போவல."