செவ்வந்தியக்காவின் பின்னல்

போர் முடிந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்ன அன்று, கருமத்தம்பட்டியில் எங்கள் வீதித் தறிக்குடோன்கள் எல்லாம் ஓட்டத்தை நிறுத்தின. கரண்ட் போகாமலே தறி நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீதியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் கௌதமண்ணன் ஒருத்தர்தான். கார்கிலில் இருந்தார். அதனால் வெடி, கொடி, மைக்செட் எல்லாம் அவர் வீட்டு முன்னால் வந்து சேர்ந்தன. அவர் மனைவி செவ்வந்தியக்காவுக்கு மாலை போட்டு, வாயில் ஜிலேபியைத் திணித்தார்கள். அக்கா சிரித்தார். ஆனால் ஒரு கை மட்டும் பின்னலைப் பிடித்தபடியே இருந்தது.

அக்கா குடோனில் தறிக்குத் தார் சுற்றும், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மிஷின் பெல்ட்டில் மாட்டாமல் இருக்க, அவ்வளவு முடியையும் கொண்டை போட்டுத் துணி சுற்றிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஒட்டிய பஞ்சைப் பொறுக்குவது நான்தான். லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து, திரும்பி வரும்போதும் இப்படியே இருக்கோணும் என்றாராம். அதை அக்கா என் முகம் பார்க்காமல் சொன்னார்.

சண்டை தொடங்கியபோது மாமியார் கருப்பாத்தாள், மகன் பிழைத்துக் கிடந்தால் மருமகளின் முடியைத் தருவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புருஷன் உயிரைவிட முடி பெரிது என்று யாரால் சொல்ல முடியும்?

போர் முடிந்த அன்று அந்த வேண்டுதலை மைக்கிலேயே அறிவித்துவிட்டார்கள். கோயில் வேப்பமரத்தடியில் பலகை போட்டு, சொம்புத் தண்ணீரோடு முடி எடுப்பவர் காத்திருந்தார். கூட்டம் அக்காவைத் தள்ளிக்கொண்டு போனது. நானும் நடுவில் சிக்கிக்கொண்டேன். அக்கா மாமியாரின் காதருகே குனிந்தார்.

"அவரு வந்து ஒருக்கா பாத்துக்கட்டுங்க அத்தை. அப்புறம் குடுத்தர்றேனுங்க."

"சாமிகிட்டச் சாக்குச் சொல்லாத கண்ணு. அவன் இன்னும் ரயிலே ஏறலை."

குடோன்காரர் சுப்பண்ணன் பின்னாலிருந்து, "உடு அம்மணி, இனி பெல்ட்டுல மாட்டுமோங்கற பயமே இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் தெளித்தபோது அடுத்த சரவெடியைக் கொளுத்தினார்கள்.

அந்த வாரக் கடைசியில் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் போன் செய்தார். வீதியே கிளம்பிப் போனது. கண்ணாடிக் கதவைச் சாத்த முடியாத அளவுக்கு நெருக்கியடித்து நின்றோம். கருப்பாத்தாள் முதலில் பேசினார், அழுதார், பிறகு ரிசீவரை மருமகளிடம் கொடுத்தார். அக்காவின் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் என்னவோ கேட்டார். எங்களுக்குக் கேட்கவில்லை.

அக்கா முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டார்.

"அப்படியேதான் இருக்கேனுங்க" என்றார்.

கருப்பாத்தாள் ரிசீவருக்குக் கை நீட்டினார்.