‘வேண்டாம்’ என்று நான் எழுதிய வரி

வக்கீல் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் சால்ஜாப்பு எதுவும் அங்கே எடுபடாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் திருவானைக்காவலில் ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஆறு புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஆறிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றி, பழைய ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. (கண்ணை மூடிக்கொண்டு செய்ததுதான் பிரச்சினையே... அதற்கு வருகிறேன்.)

ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அது என்னென்ன கேள்வி கேட்குமோ அத்தனைக்கும் முன்கூட்டியே பதில் எழுதிய ஒரு ஃபைல் என்னிடம் இருக்கிறது. பல வருஷமாகச் சேர்த்து, திருத்தி, மெருகேற்றி வைத்திருப்பது. பென் டிரைவில் போட்டுச் செருகினால் போதும் — எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும். நாம் போய் காபி குடித்துவிட்டு வரலாம். அந்த ஃபைலைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பத்தியில் ஒருமுறை பெருமையடித்திருக்கிறேன். ஞாபகம் இருக்கிறவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

காபி குடித்துவிட்டுத் திரும்பினால் வக்கீல் வாசலிலேயே நிற்கிறார். பழைய கேஸ் விவரங்களைத் தேடித் தருகிற ஒரு புராதன புரோகிராம் வைத்திருக்கிறார். அதில் எதைத் தட்டினாலும் ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்கிறது. ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது!

“உங்க ஆளுங்க யாராவது ஃபோல்டர் பேரை மாத்தியிருப்பாங்க சார்” என்றேன். வாய்ப்பழக்கம்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து சாயங்காலம் வரைக்கும் பழைய மெஷின்ல ஓடுச்சுங்க. இன்னிக்கு புதுசுல ஓடலை. நடுவுல இந்த மெஷினைத் தொட்டது நீங்க ஒருத்தர்தான். இப்ப சொல்லுங்க, யாரு மாத்தியிருப்பாங்க?”

உட்கார்ந்து தேடினேன். முதல் முறையாக உண்மையிலேயே தேடினேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடைய அருமை ஃபைலுக்குள்ளேயே இருந்தது. ஒரே ஒரு வரி.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பயப்படாதீர்கள். அந்தக் காலத்து புரோகிராம்களுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் படிக்கத் தெரியாது. அதனால் நாம் ஒரு ஃபோல்டருக்கு நீளமாகப் பெயர் வைத்தால், கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் அதற்கு இன்னொரு குட்டிப் பெயரும் வைத்துக்கொள்ளும். சான்றிதழில் வெங்கட்ராமன், வீட்டில் வெங்கி என்கிற மாதிரி. முதல் ஆறு எழுத்து, ஒரு நெளிகோடு, ஒரு நம்பர் — அவ்வளவுதான். பழைய புரோகிராம் ‘வெங்கி’ என்றுதான் கூப்பிடும். இந்தக் குட்டிப் பெயர் வைக்கிற பழக்கம் தேவையா, வேண்டாமா? இதுவும் அந்தக் கேள்விகளில் ஒன்று. நான் ‘வேண்டாம்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஏன்? அது இல்லாவிட்டால் வேகம் ஒரு துளி கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். தவிர, இந்தக் காலத்தில் யாருக்கு இது வேண்டும் என்கிற நினைப்பு.

‘வேண்டும்’ என்று மாற்றினேன். ஃபோல்டர்களை மறுபடி காப்பி செய்தேன். அரை மணி நேரத்தில் வக்கீலின் புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் சந்தோஷமாக டிபன் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அந்த டிபன் இறங்கவில்லை. ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்கிற அதே வாசகத்தை அதற்கு முன்னாலும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் என்னிடம் இருந்தது இதே ஃபைல்தான். ஆனால் அன்றைக்கு எதிரே நின்றது வக்கீல் இல்லை. பத்மாசனி மேடம்.

நாலு வருஷம் இருக்கும். திருச்சியில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். ஆபீஸ், லேப் என்று நாற்பது கம்ப்யூட்டருக்கு என் பென் டிரைவ் வைத்தியம். அங்கே சான்றிதழ் பிரிவில் இருந்தவர் பத்மாசனி மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர். பழைய மாணவர்களுக்கு மார்க் பட்டியல் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அதற்கு ஒரு பழைய புரோகிராம். ரிட்டையர் ஆக அவருக்கு ஆறு மாதம் இருந்தது.

நான் வேலையை ஆரம்பிப்பதற்கு முன் என்னிடம் வந்து ஒன்று சொன்னார். “சார், என் மெஷின்ல மார்க் லிஸ்ட்னு ஆரம்பிக்கிற நாலு ஃபோல்டர் இருக்கு. நாலையும் மொத்தமா காப்பி பண்ணிடாதீங்கோ. முதல்ல ஆர்ட்ஸ். அது முடிஞ்சப்புறம் சயின்ஸ். அப்புறம் காமர்ஸ். கடைசியா ஈவினிங் காலேஜ். இந்த வரிசையிலதான் போடணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் இருந்தால் எனக்கு நாக்கு நீளும். “ஏன் மேடம், இது என்ன பெருமாள் புறப்பாடா, வரிசை தப்பாம போறதுக்கு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

“இல்லை சார், முன்னாடி ஒருதரம் மெஷின் மாத்தினப்போ, சயின்ஸ்னு கேட்டா காமர்ஸ் பசங்க மார்க் வந்துடுத்து. அதுலேர்ந்துதான்...” என்று ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. போனில் யாரோ கூப்பிட்டார்கள் என்று நகர்ந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

நாலையும் மொத்தமாகத்தான் காப்பி செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் புரோகிராம் ஓடவில்லை; எதைக் கேட்டாலும் ‘ஃபைல் கிடைக்கவில்லை’. கவுண்டரில் ஒரு பழைய மாணவி நின்றுகொண்டிருந்தார். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாளாம். மார்க் பட்டியல் வரவில்லை. அந்தப் பெண் அழ, அவருடைய அப்பா கத்த, விஷயம் பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். அறை நிறைய ஆட்கள்.

“என்ன சார் ஆச்சு?” என்றார் பிரின்சிபால்.

எனக்கு என்ன ஆச்சு என்று தெரியாது. ‘தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? எவ்வளவு சுலபமான வாக்கியம்! ஆனால் எங்கள் தொழிலில் அதற்குப் பதிலாக வேறு ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். “யூசர் எரர் சார். ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு. ஃபோல்டர் பேரை யாரோ மாத்தியிருக்காங்க.”

யாரோ! அந்த மெஷினைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

“நான் எதையும் மாத்தலை சார்” என்றார் பத்மாசனி மேடம். ஒரு தடவைதான் சொன்னார். நான் மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பிறகு கேள்விப்பட்டேன். ஆவணங்களைக் கவனக்குறைவாகக் கையாண்டதாக அவருக்கு ஒரு மெமோ. பழைய புரோகிராமையே ஓரங்கட்டிவிட்டு, பழைய ரிஜிஸ்டர்களைப் பார்த்து எல்லா மார்க்கையும் புதிய புரோகிராமில் அடிக்கச் சொன்னார்கள். யாரை? அவரைத்தான். ரிட்டையர் ஆகிற நாள் வரை அடித்தாராம். கடைசி நாளில் வழக்கம்போல மாலை, சால்வை, ஒரு குத்துவிளக்கு எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார். அட்டெண்டர் முருகேசன் போகிறபோக்கில் இதைச் சொன்னபோது, “அப்படியா, பாவம்” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

வக்கீல் ஆபீசில் இன்னொன்றும் புரிந்தது. ஒரே மாதிரி ஆரம்பிக்கிற நாலு பெயர் இருந்தால், அந்தக் குட்டிப் பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நம்பர் விழும். எது முதலில் வந்து சேர்கிறதோ அதற்கு ஒன்று. மொத்தமாகக் காப்பி செய்தால் இங்கிலீஷ் அகரவரிசையில் போய் உட்கார்ந்து, சயின்ஸின் நம்பர் காமர்ஸுக்குப் போய்விடும். (அன்றைக்கு என் ‘வேண்டாம்’ வரியால் குட்டிப் பெயரே விழவில்லை; அதனால்தான் எதுவுமே கிடைக்கவில்லை.) அவர் சொன்ன வரிசை சரியான வரிசை. காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் சரியாகச் செய்துகொண்டிருந்தார். காரணம் தெரிந்திருக்க வேண்டிய நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ‘ஏன் மேடம்?’ என்று அன்றைக்கு நிஜமாகக் கேட்டிருந்தால், அந்த ‘வேண்டாம்’ என்கிற வரி அங்கேயே என் கண்ணில் பட்டிருக்கும். அரை மணி நேர வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை, முருகேசனிடம் அட்ரஸ் கேட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். மன்னார்புரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரம் முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். சித்திரை வீதியில் மாடி போர்ஷன். அவரே கதவைத் திறந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

“வாங்கோ சார். உக்காருங்கோ.”

உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. நேராக விஷயத்தைச் சொன்னேன். அந்த வரி, அந்த நம்பர், அந்த வரிசை, எல்லாவற்றையும். “தப்பு என்னுது மேடம். நீங்க எதையும் மாத்தலை.”

அவர் நடுவில் குறுக்கிடவில்லை. குக்கர் விசில் வந்தபோது மட்டும் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பொண்ணு அன்னிக்கு அப்ளிகேஷன் போட்டாளா? உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியாது. நாலு வருஷத்தில் அந்தப் பெண்ணை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. “தெரியலை மேடம்” என்றேன். நாலு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. மன்னிப்புக் கேட்டேன். அவர் ‘பரவாயில்லை’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? நாமும் மனசு லேசாகி வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம் இல்லையா?

அவர் சொல்லவில்லை.

“அன்னிக்கு பிரின்சிபால் ரூம்ல பன்னெண்டு பேர் இருந்தா சார். நான் எண்ணினேன். தலை நிமிர முடியலை. எல்லார் காலையும் பாத்துண்டே எண்ணினேன். இப்போ இங்க நீங்களும் நானுந்தான் இருக்கோம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கு நேராகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிற குரல். காபி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பும்போது, “இதை எங்கேயாவது எழுதலாமா மேடம்?” என்று கேட்டேன்.

“எழுதுங்கோ. என் பேரைப் போட்டே எழுதுங்கோ. அன்னிக்கு என் பேரைச் சொல்லித்தானே எல்லாரும் பேசினா?”

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். நடந்ததை எழுதி, மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிரின்சிபால் புதியவர். “அந்தம்மாதான் ரிட்டையர் ஆயிட்டாங்களே சார், இப்ப எதுக்குங்க இதெல்லாம்?” என்றார். ஆனாலும் வாங்கி ஸீல் போட்டு வைத்துக்கொண்டார். என்ன செய்வார் என்று தெரியவில்லை. விடுவதாக இல்லை, அடுத்த வாரமும் போய் நிற்பேன்.

அந்த அறையில் இருந்தவர்களைத் தேடினேன். ஐந்து பேர்தான் அகப்பட்டார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னேன். ஒருவர் தலையாட்டினார். ஒருவர், “விடுங்க சார், யாரு அதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கா?” என்றார். இன்னொருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “எந்த பத்மாசனி?” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்ன நான் மறந்தாயிற்று, கேட்டவர்கள் மறந்தாயிற்று, எண்ணியவர் மட்டும் அதை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மீதி ஏழு பேர் எங்கெங்கே இருக்கிறார்களோ தெரியாது. ஒருவர் காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்... ஐயா, அம்மா, அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது பொய். பத்மாசனி மேடம் எந்த ஃபோல்டரின் பெயரையும் மாற்றவில்லை. அவர் சரியாகத்தான் செய்தார், சரியாகத்தான் சொன்னார். கவனக்குறைவு என்னுடையது.

மேடம், இந்தப் பத்தியைப் பன்னிரண்டு பேருக்கு மேல் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.