தவசிமுத்துவின் இத்தாலிய உபசாரம்

“இத்தாலிக்காரன் விருந்துல பேசுற பேச்சு அம்புட்டும் எனக்கு அத்துபடி. அவன் மனசுல நினைக்கும்போதே எனக்குப் புரிஞ்சிரும்!”

ராஜபாளையத்தில் மில் வாசலில் காப்பிக் கடை வைத்திருக்கும் தவசிமுத்து, தோசையைத் திருப்பும்போதெல்லாம் இப்படி ஒரு முறை சொல்லிக்கொள்வார். பட்டாளத்துச் சமையல்காரராக இத்தாலி வரை போய், சண்டை முடிந்து போன வருஷம்தான் திரும்பியவர். கடைக்கு வருகிறவர்களுக்கு “சாவ்” என்றுதான் வரவேற்பு. காப்பிக்கு “கிராட்சியே” என்று நன்றி சொல்லும்வரை டம்ளரைக் கையிலிருந்து விடமாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஓடினார்.

“தமிழே ஒழுங்கா வரல. இதுல இத்தாலி வேறயா?” என்பாள் மனைவி செல்லத்தாய்.

“ஏட்டி, ‘மாஞ்சா’ன்னா சாப்பிடுன்னு அர்த்தம். நீ என்னைக்காவது அப்படி அன்பாச் சொல்லியிருக்கியா?”

“சோத்தப் போட்டாத் திங்கத் தெரியாதாக்கும் ஒமக்கு?”

அவர் பாஷை படித்த பள்ளிக்கூடம், பட்டாளத்துச் சமையல் கொட்டகையின் பின்வாசல். சண்டையில் எல்லாம் இழந்த கிராமத்து ஜனங்கள் அங்கே தகரக் குவளையோடு வந்து நிற்பார்கள். இவர் கஞ்சி ஊற்றுவார். அவர்கள் வார்த்தை கொடுப்பார்கள்.

இப்படியிருக்க, மில்லில் புது யந்திரம் பூட்ட இத்தாலியிலிருந்தே ஒரு துரை வந்து இறங்கினார். மேனேஜர் சுந்தரபாண்டியன் ஆளனுப்பினார்.

“நாளைக்கு மத்தியானம் விருந்து. நீதான் பரிமாறணும். தொரை மனசு குளுந்தா பங்களாச் சமையல் வேலை ஒனக்கு. மொகத்தச் சுளிச்சாரோ, பொறவு இந்தப் பக்கம் தலை காட்டாத.”

அந்த வேலைக்குக் குடியிருக்க வீடும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட செல்லத்தாய், அன்று சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “மாஞ்சா” என்றாள்.

மறுநாள் “பூன் ஜோர்னோ” என்று வணக்கம் சொன்னதும் துரையின் முகம் மலர்ந்தது. “மாஞ்சா” என்றதும் சிரித்தே விட்டார். வேலை முக்கால்வாசி கிடைத்த மாதிரிதான். இரண்டாம் தரம் சோறு வந்தபோது துரை, “பஸ்தா, பஸ்தா” என்றார்.

“என்னலே சொல்லுதாரு?” என்றார் மேனேஜர்.

“போதும்ங்காருய்யா.” பிசகில்லாமல் மொழிபெயர்த்துவிட்டு, தவசிமுத்து ஒரு கரண்டி சோறு வைத்தார்.

“போதும்னா ஏம்லே வைக்க?”

“எந்த விருந்தாளிய்யா போதும்னு சொல்லாம இருந்திருக்கான்? மரியாதைக்குச் சொல்லுதாக. நாம நிப்பாட்டிட்டா அவிய அரை வயித்தோடல்லா எந்திரிப்பாக!”

இத்தாலியில், அழுகிற பிள்ளையை அதட்டும் தாய்மார் வாயில் தவசிமுத்து அந்தச் சொல்லைக் கேட்டதுண்டு. அவருடைய கரண்டியைப் பார்த்து அந்த ஊரில் அதை ஒருவரும் சொன்னதில்லை.

துரை இடுப்பு வாரைத் தளர்த்தினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மேனேஜர் கண்ணாலேயே தவசிமுத்துவை மிரட்டினார். கடைசியில் துரை இரண்டு கைகளையும் விரித்து இலையை மூடிக்கொண்டு, கெஞ்சுகிற குரலில், “பஸ்தா!” என்றார்.

தவசிமுத்து கனிவாகச் சிரித்தார். “மாஞ்சா, மாஞ்சா” என்று தேற்றிக்கொண்டே துரையின் இடது கையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு கோழிக்காலை வைத்தார்.