ஒருவர் வீட்டுக்கும் போகாத விடுமுறை

அம்மாவின் விடுமுறைகளெல்லாம் யாராவது ஒருவர் வீட்டில்தான் கழிந்தன. லண்டனில் பெரியம்மா வீடு, பாரிசில் ஒரு கல்யாணம், ரொறன்ரோவில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. போன இடமெல்லாம் சமையலறையில் நின்றார். திரும்பியதும் எங்கள் ஊரான ஷ்லீரனில் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை. பெயர் ஞானேஸ்வரி, அங்கே ஜெர்மன் வழக்கில் எல்லோருக்கும் ஃபிராவ் ஞானா, திருமதி ஞானா.

சென்ற ஓகஸ்ட் கடைசியில் அப்பா இறந்தார். மாரடைப்பு. வந்தவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொன்னார். மாதக்கணக்காகச் சொன்னார். என்னால் ஒரு தடவைகூடச் சொல்ல முடியவில்லை.

பங்குனியில் அம்மா கேட்டார்: "ஆபிரிக்காவிலை எங்கட சனம் இருக்கினமோ?"

"எந்த இடத்திலை?"

"யானை, ஒட்டகச்சிவிங்கி நிக்கிற இடத்திலை."

"காட்டுக்குள்ளை ஒருத்தரும் இருக்க மாட்டினம்."

"அப்ப அங்கை போவம்."

தான்சானியாவில் ஒரு வனவிலங்குக் காப்புப் பகுதியைத் தேர்ந்தேன். மழையில்லாத காலம், தண்ணீர் தேடி விலங்குகள் ஓரிடத்தில் கூடும். ஓகஸ்ட் நடுவில் புறப்பட்டு, அப்பாவின் நினைவுநாளுக்கு முன் திரும்பும்படி பதிவு செய்தேன். ரயில் சமிக்ஞைகளை வடிவமைப்பது என் தொழில். நேரக் கணக்கில் பிழை வராது என்று நினைத்தேன்.

லாங்கன்தாலிலிருந்து சித்தப்பா இரவீந்திரன் வந்து அப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடச் சடங்கு, எப்போது என்று கேட்டார். நான் அப்பா இறந்த தேதியைச் சொன்னேன்.

"திதியிலையல்லோ செய்யிறது. உனக்கு எல்லாம் கலண்டர்தான்."

ஐயரை அழைத்துத் திதியைக் கேட்டோம். அது அந்தத் தேதிக்கு முன்பே வந்தது. பயணத்தின் நட்டநடுவில். செய்யவேண்டியவன் நான், ஒரே மகன்.

"பாத்தியளோ அண்ணி, அண்ணையே மறிக்கிறார்," என்றார் சித்தப்பா.

"அவர் என்னை ஒருநாளும் மறிக்கேல்லை. தேதியைப் பிழைவிட்டது உங்கட பெறாமகன்," என்று அம்மா என்னைக் காட்டினார்.

ஓர்லிகோனில் உள்ள பயண அலுவலகத்தில் தேதியை மாற்றக் கேட்டேன். தங்குமிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகவும், உறுதி சொல்ல முடியாதென்றும் அங்கிருந்த பெண் சொன்னார். அந்த வாரம் முழுக்க அம்மா பயணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்த இன்னொரு குடும்பத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. செப்டெம்பரில் அறை உண்டு, விமானத்திலும் இடமுண்டு. சலவைப் பகுதிக்கே அழைத்தேன். இயந்திர இரைச்சல்.

"பொறு, வெளியிலை வாறன்." கதவு சாத்தும் சத்தம். "இப்ப சொல்லு."

சொன்னேன்.

"திவசம் முடிச்சுப்போட்டோ?"

"ஓம், முடிச்சுப்போட்டு."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. என்னுடையதா, அவருடையதா என்று தெரியவில்லை. என் கண் கலங்கியிருந்தது. அப்பா இறந்தபோதுகூட அது நடக்கவில்லை.

மாலையில் சித்தப்பா தொலைபேசியில் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நானும் வரட்டோ அண்ணி, துணைக்கு?" என்றார்.

"வாகனத்திலை இடமில்லையாம், தம்பி."

நாங்கள் பதிந்திருந்தது ஏழு பேர் ஏறும் ஜீப். அம்மா என்னைப் பார்த்தார். நான் பயணத் தடுப்பூசிக்கு எங்கள் இருவர் பெயரை மட்டும் பதிந்தேன்.