புவாலை வரைந்த புள்ளி

"கால்நடை நலத் தொண்டர் என்பவர், தம் கிராமத்து விலங்குகளின் உடலில் தோன்றும் மாறுதல்களை விருப்பு வெறுப்பின்றிக் கவனித்து, தாமதமின்றி அலுவலகத்துக்குத் தெரிவிப்பவர், மக்களிடையே நிலவும் தவறான நம்பிக்கைகளை அறிவியல் வழியில் அகற்றுபவர்."

புவாலையின் அடையாள அட்டையின் பின்பக்கம் இப்படி அச்சிட்டிருந்தது. முன்பக்கம் அவளுடைய படம், லிப்ஸ்டிக் போட்டு எடுத்தது. வாழ்நாளில் அவள் லிப்ஸ்டிக் போட்டது இரண்டே முறை, கல்யாணத்துக்கும் இந்தப் படத்துக்கும். படத்தில் இருப்பவள் அவளைப்போல இல்லை. பின்பக்கத்தில் இருப்பவள் அந்த அளவுக்குக்கூட இல்லை. அட்டை மட்டும் அவளுடையதுதான்.

நியாயமாகச் சொன்னால், ஊரில் மற்றவர்களின் நாய்களைப் பொறுத்தவரை அந்த வாசகம் அவளுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. எங்கள் நோங் சா கிராமத்தில் வீட்டுக்கு இரண்டு நாய். யார் வீட்டையும் சேராதவை விகாரையில் ஒரு இருபது. அத்தனையின் வயிற்றையும் புரட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வீட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் பிரயூன் ஒருநாள் தன் நாய்க்குப் பழைய இன்ஜின் ஆயிலைத் தலையிலிருந்து வால்வரை பூசி வெயிலில் கட்டிப்போட்டிருந்தான். புவாலை வேலிப்பக்கம் வந்து நின்றாள்.

"ஏன்டா பிரயூன், நாய்க்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தற?"

"சொறிக்கா. இதுதான் மருந்து. எங்கப்பா காலத்துலேர்ந்து இதுதான்."

"உங்கப்பா பூசின நாயெல்லாம் என்னாச்சு?"

பிரயூன் யோசித்தான். "சொறி போயிடுச்சு."

"நாயும் கூடவே போயிருக்குமே? நக்கி நக்கி வயித்துக்குள்ள போவுதுடா அது. சோப்பை எடுத்துட்டு வா, மடையா."

இருவரும் சேர்ந்து நாயைக் கழுவினார்கள். ஆயில் போன பிறகு அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் கறுத்து, யானைத்தோல்போலத் தடித்து, புளித்த நாற்றத்துடன் தெரிந்தது. புவாலை விரலால் தடவிக் காட்டினாள். "இந்தக் கறுப்பு வியாதி இல்ல. சொறிஞ்சு சொறிஞ்சு தோல் இப்படி ஆயிருக்கு. எதுக்குச் சொறியுதுன்னு டாக்டர் பாக்கணும். பூச்சியா, பூஞ்சையா, உன் வீட்டுச் சாப்பாடான்னு."

கிழநாயின் வயிற்றில் மிளகு தெளித்ததுபோலத் தட்டையாகப் புள்ளிகள் இருந்தால், "வயசானா எனக்கே கையில வருது, போ" என்று அனுப்பிவிடுவாள். கறுப்புப் புள்ளிக்குக் கால் முளைத்திருந்தால் அது உண்ணி. பிடுங்கிக் கையில் கொடுப்பாள். சந்தேகமான புள்ளிகளுக்கு மட்டும் அவளே கண்டுபிடித்த ஒரு வழி இருந்தது. நாங்கள் சூப்பும் ஐஸ் காப்பியும் கட்டி வாங்கிவருகிற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையை வெட்டிப் பிரித்து, புள்ளியின்மேல் வைத்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைவாள். தேதி போடுவாள். மறுமாதம் அதே தாளை அதே புள்ளியின்மேல் வைத்துப் பார்ப்பாள்.

"கோட்டுக்குள்ள இருந்தா வீட்டுக்குப் போ. கோடு தாண்டினா வண்டியில ஏத்து. மேடு தட்டினாலும் ஏத்து, ரத்தம் கசிஞ்சாலும் ஏத்து. உதட்டுல, விரலிடுக்குல இருந்தா கோடே வேண்டாம், இப்பவே ஏத்து."

கால்நடை அலுவலகத்து டாக்டர் ஓரவான் இந்த வழியைக் கேட்டுவிட்டு, பக்கத்து ஊர்களிலும் சொல்லிக்கொடுத்தார். படித்த பெண், சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இனி அவள் கணவன் கம்புன். ஊர் மாடுகளுக்கெல்லாம் புவாலை பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வருஷங்களில், கம்புன் குளத்து மீனை எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டுப் பச்சையாகவே தின்றுகொண்டிருந்தான். அந்த மீனிலிருந்து கல்லீரலுக்குப் போகிற பூச்சியைப் பற்றி அவள் ஒலிபெருக்கியிலேயே பேசியிருக்கிறாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே தின்றான். கண் மஞ்சளானபோது கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். வெல்டிங் வெளிச்சம் கூசுகிறது என்றான். பட்டறை வைத்திருந்தது பிரயூன்; கம்புன் வெல்டிங் செய்ததே இல்லை.

"மூணு மாசம்!" என்று அவன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டினாள். "மூணு மாசம் கண்ணாடியைப் போட்டு மறைச்சிருக்கீங்களே, உங்களை என்ன சொல்றது?"

குளிர்மாதத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். பெட்டியில் வைப்பதற்கு முன், பெண்கள் தண்ணீர் எடுக்க வெளியே போன நேரத்தில், புவாலை அடுப்படிக்குப் போய்ச் சோறு அவிக்கும் பானையின் அடியில் கட்டைவிரலைத் தேய்த்தாள். திரும்பி வந்து அவன் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் அழுத்தினாள். செத்தவர் மறுபடி பிறக்கும்போது கரி வைத்த இடத்தில் மச்சத்தோடு வருவார். அதை வைத்து வீட்டார் கண்டுகொள்வார்கள். எங்கள் பக்கத்தில் இதை எல்லோரும் எல்லோர் முன்னாலும்தான் செய்வார்கள், தோளிலோ கணுக்காலிலோ. அவள் ஒளித்துச் செய்ததற்குக் காரணம் அந்த அட்டை. கதவருகே மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்த பிரயூன் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அதாவது, ஒரு வாரம்வரை.

ஆறு மாதம் கழித்து பாங்காக்கில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. புவாலை போனில் வீடியோ பார்த்தாள்.

"குழந்தையைத் திருப்பு. அந்தப் பக்கமில்ல, இந்தப் பக்கம். துணியை எடு."

"பொம்பளைப் பிள்ளைம்மா."

"அதனால என்ன? தொப்புளுக்குக் கீழ காட்டு."

ஒன்றும் இல்லை. வெண்ணெய்போல இருந்தது பிள்ளை. புவாலை நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லி போனை வைத்தாள்.

அடுத்த ஐந்தாவது மாதம் அவள் நெற்களஞ்சியத்துக்கு அடியில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டது. மூன்று பழுப்பு. ஒன்று சுத்த வெள்ளை, வயிற்றில் இடப்பக்கம் கட்டைவிரல் நுனியளவுக்கு ஒரு கறுப்பு.

விகாரைத் தலைவர் வருத்தப்பட்டார். "நாயாப் பொறக்கறது பெரிய இறக்கமாச்சேம்மா. கம்புன் அவ்வளவு மோசமில்லையே."

"குடிச்சாரு, சாமி. பொய் சொன்னாரு. மீனைத் துடிக்கத் துடிக்கத் தின்னாரு. நீங்க சொல்ற கணக்குப்படி பாத்தா நாய் சரியாத்தான் வருது."

கணக்கு சாமியின் பிரசங்கத்திலிருந்து எடுத்ததுதான். நாய் என்றாலே கம்புன் கல்லெடுப்பான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

தடுப்பூசிப் பதிவேட்டில் அதன் பெயர் வெள்ளை. வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. "என்னங்க" என்றால் வரும். கம்புனின் பாயில் படுக்கும். சாயங்காலம் புவாலை மீனை நன்றாக வேகவைத்து, முள்ளெடுத்து, முன்னால் வைப்பாள். "இப்பவாவது வெந்ததைத் தின்னுங்க."

வருஷத்துக்கொரு முறை அந்த மச்சத்தின்மேலும் பிளாஸ்டிக் வைத்து வரைந்தாள். ஆறு வருஷம் கோடு அப்படியே இருந்தது.

ஏழாம் வருஷம் மழைக்காலத்தின் நடுவில் கோடு தாண்டியது. புதிதாக வரைந்து, கம்புனின் படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டினாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். நாய் பட்டறையில் மல்லாக்கப் படுத்திருந்த ஒரு மதியம் பிரயூன் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இது கோடு தாண்டிடுச்சு."

"தெரியும்."

"தாண்டினா வண்டியில ஏத்துன்னு நீதானே..."

"அது நாய்ங்களுக்கு."

பிரயூன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இது என்னவாம்?"

"அன்னிக்கு அவசரத்துல அரைக் கட்டைவிரல்தான் பதிஞ்சுது. இப்பத்தான் முழுசாத் தெரியறாரு."

அவளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். டாக்டரிடம் போனால் என்ன செய்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்: வெட்டி எடுப்பார். வெட்டி எடுத்துவிட்டால் அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரு வெள்ளை நாய். தெரியாமல் தவறு செய்பவர்களுக்காக அலுவலகம் கையேடு அச்சிடுகிறது. தெரிந்தே செய்பவர்களுக்கு இதுவரை எதுவும் அச்சாகவில்லை.

புள்ளி சுண்டைக்காய் அளவுக்கு மேடு தட்டியது. ஓரம் கடித்த இலைபோல ஆயிற்று. பாயில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இருந்தது. அவள் பாயைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

கோடையில் விகாரை மண்டபத்தில் தடுப்பூசி முகாம். காலையிலிருந்து ஒலிபெருக்கியில் ஊரைக் கூப்பிட்டது புவாலைதான். கடைசியாகத் தன் நாயைக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். டாக்டர் ஓரவான் ஊசி போட்டுவிட்டுப் பழக்கத்தில் வயிற்றுக்கடியில் கைவிட்டார். கை நின்றது.

"அக்கா, இது எப்பலேர்ந்து?"

"பொறப்புலேர்ந்து."

"இப்படியேவா?"

புவாலை அட்டையைச் சட்டைக்குள் தள்ளினாள். தன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரயூன்தான் பேசினான். "டாக்டர், அவங்க வீட்டுச் சுவத்தைப் போய்ப் பாருங்க."

டாக்டர் போய்ப் பார்த்தார். பதினொரு தாள். ஒவ்வொன்றிலும் தேதி, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடப் பெரிய வட்டம். விரலால் தொட்டுத் தொட்டுத் தேதிகளைப் படித்தார்.

"எட்டு மாசம்க்கா. இவ்வளவு ஒழுங்கா யாருமே எனக்கு எழுதித் தந்ததில்ல. ஒரு தடவை போன் பண்ணத் தோணலையா?"

"தோணுச்சு" என்றாள் புவாலை.

டாக்டர் நாயின் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தார். அங்கே கட்டியாக ஒன்று உருண்டது. "நாளைக்கே யசோதோன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுங்க. புத்து நெஞ்சுக்குப் பரவலைன்னா, சுத்தி நல்ல சதையோட சேத்து வெட்டிடலாம்."

"புதுசா வளந்ததை மட்டும் வெட்டிட்டு, பழைய மச்சத்தை விட்டுட முடியுமா, டாக்டர்?"

"முடியாதுக்கா. இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

நாளைக்கு என்பது ஒன்பது நாளாயிற்று. பத்தாம் நாள் காலை புவாலை பன்னிரண்டாவது பிளாஸ்டிக்கை வைத்தாள். ரத்தத்தில் அது வழுக்கியது, கோடு நிற்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வேலிப்பக்கம் போனாள். "பிரயூன், வண்டியை எடு."

எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக வெள்ளை நிழல்கள். டாக்டர் ஓரவானும் வந்திருந்தார். புவாலை படத்திலிருந்து டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"முதல் தாள் வரைஞ்சப்பவே வந்திருந்தா?"

பொய் சொல்ல நல்ல இடம். டாக்டர் சொல்லவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. ஆனா அப்ப வந்ததுல நிறைய பொழைச்சிருக்கு."

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியில் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்புனின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். தூசிக்கு என்றாள்.

"அவர் மூணு மாசம் மறைச்சாருன்னு எவ்வளவு திட்டினேன்" என்றாள் பாதி வழியில்.

"விடுக்கா."

"நான் எட்டு மாசம்டா."

வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் போனது. மழை கேட்டு வானத்துக்கு வாணம் விடும் ராக்கெட் திருவிழாவுக்கு முந்தின நாட்களில், வயலில் வெள்ளோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால் அலமாரிக்கடியில் ஓடும் நாய், அன்று பிற்பகல் காதைக்கூட அசைக்கவில்லை. மூச்சு மட்டும் மேலும் கீழும் போனது. பிரயூன் அடுப்படி வழியாக உள்ளே வந்தான். அவன் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. எப்போதும் கறுப்புதான், இன்று ஆயில் இல்லை, பானைக்கரி.

"எங்க வைக்கணும்னு சொல்லுக்கா. நானே வைக்கறேன்."

"கையைக் கழுவு."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்ப?"

"கண்டுபிடிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?" அவள் நாயின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இவர் யாருன்னு தெரியாத வீட்டுல போய்ப் பொறக்கட்டும். அவங்கன்னா நாயைத்தான் பாப்பாங்க. கோடு தாண்டினா வண்டியில ஏத்துவாங்க."

பிரயூன் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான். நாலு மணிக்கு மேல் மூச்சு நின்றது. களஞ்சியத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: நாய், ஆண், வெள்ளை, வயது ஏழு.

புவாலை அந்தப் புள்ளியை எட்டு மாதத்தில் பதினொரு முறை வரைந்தாள். பன்னிரண்டாம் முறை டாக்டரிடம் கொண்டுபோனாள். நாய் இறந்தபோது அதன் உடலில் எந்த அடையாளமும் வைக்கவில்லை.