நீல மருந்து

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க நீலச் சாயம் செலுத்தியதும் உடம்பெல்லாம் தடித்து, பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். "இனி எங்க போனாலும் இதச் சொல்லிரணும்மா" என்றார் டாக்டர்.

இந்த வருடம் ராஜபாளையத்தில் மறுபடியும் அதே ஆபரேஷன். "அலர்ஜி எதுவும் உண்டா?" என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார் பக்கத்தில் நின்ற மாமியார். நர்ஸ் நகர்ந்ததும் என் காதருகே, "பிள்ளை இல்லைங்கிறது பத்தாதாட்டி? இன்னொரு கொறையும் சேத்துச் சொல்லணுமாக்கும்?"

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தட்டில் அதே நீலம், ஊசியில் ஏற்றித் தயாராக இருந்தது. முகத்தருகே மாஸ்க் வந்தபோதுதான் மயக்க மருந்து டாக்டரின் கையைப் பிடித்தேன்.

"அந்த நீலம் எனக்கு ஆகாது சார். போன தடவை செத்துப் பொழச்சேன்."

ஊசியை அப்புறப்படுத்தினார்கள்.

அந்த நேரம் மாமியார் வெளியே எனக்காக ஆண்டாளை வேண்டிக்கொண்டிருந்தாராம். அலர்ஜியை மறைத்தவரே மனதார வேண்டியதை நினைத்தால்தான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.